மஞ்சள் தூளில் ஈயம்: தம்ளர் தண்ணீரில் தெரியாது, பாலிஷ் டிரம்மில் தெரியும்

கடையில் வாங்கும் மஞ்சள் தூளில் ஈயம் கலந்திருப்பதை வீட்டிலேயே கண்டறிய முடியுமா, சிறு குழந்தைக்குப் பாலில் மஞ்சள் கலந்து கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தம்ளர் தண்ணீரில் மஞ்சளைப் போட்டுப் பார்க்கும் காணொளி ஏதோ ஒன்று உங்களுக்கு வந்து, அதனால் எழுந்த அச்சத்தில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஈரோட்டில் மூன்று தலைமுறையாக மஞ்சளை வேகவைத்து, காயவைத்து, பாலிஷ் போட்டு விற்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்பதால், இந்தக் கேள்வியைப் பார்த்தும் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. தன் ஊர்ச் சரக்குக்கு வக்காலத்து வாங்க வந்துவிட்டான் என்று சிலர் சொல்லக்கூடும். சொல்லட்டும், நான் எழுதப்போவதில் பெரும்பகுதி எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கே கசக்கும்.

கலக்கப்படுவது லெட் குரோமேட் என்னும் நிறமி. பெயிண்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் மஞ்சள் நிறம் ஏற்றுவதற்காகத் தயாரிக்கப்படும் இந்தப் பொருளின் எடையில் ஏறத்தாழ 64 விழுக்காடு ஈயம். மஞ்சளில் லெட் குரோமேட் அறவே இருக்கக் கூடாது என்றும், ஈயம் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றும் நம் நாட்டு விதி சொல்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு கிராம் நிறமி, 64 கிலோ மஞ்சளை அந்த வரம்புக்குக் கொண்டுபோய்விடும். அவ்வளவு சிறிய கலப்படத்தைத் தம்ளர் தண்ணீர் காட்டிக்கொடுக்காது. முழு மஞ்சளைத் தண்ணீரில் போட்டதும் நிறம் கழன்று ஓடினால் சந்தேகப்படலாம் என்பது உண்மைதான்; ஆனால் பாலிஷ் போடும்போது நல்ல மஞ்சள் தூளையே மேலே பூசிய விரலி மஞ்சளும் சிறிது நிறம் விடும். அமிலம் விட்டுப் பார்க்கும் சோதனை மெட்டானில் மஞ்சள் என்ற வேறொரு சாயத்துக்கானது. அதில் நிறம் மாறவில்லை என்பதால் ஈயம் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. நன்றாகக் கொதிக்கவைத்தால் போய்விடும் என்று எண்ணவும் வேண்டாம். ஈயம் உலோகம், எந்தச் சூட்டிலும் அழியாது.

இந்த நிறமிக்கு என்ன தேவை என்பது பாலிஷ் டிரம் அருகில் நின்றவர்களுக்குத் தெரியும். வேகவைத்த மஞ்சள் களத்தில் 10 முதல் 15 நாள் வரை காய்ந்த பிறகு பார்த்தால் யாரும் அதை மஞ்சள் என்று சொல்ல மாட்டார்கள்; செதிலும் சல்லிவேருமாக மண் நிறத்தில் கிடக்கும். கம்பிவலை அடித்த இரும்பு டிரம்மில் கொட்டி மோட்டாரில் சுழலவிட்டால், விரலியோடு விரலி உரசித் தோல் தேய்ந்து, கழிவு கீழே தூசியாக உதிரும். கடைசிச் சில சுற்றுகளில் மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பது பழைய வழக்கம். அதனால் யாருக்கும் தீங்கில்லை. தூளுக்குப் பதிலாக நிறமி உள்ளே போவதும் அந்தக் கடைசிச் சுற்றில்தான். காயும்போது மழையில் நனைந்து கறுத்த சரக்கு, வண்டு துளைத்த சரக்கு, குடோனில் ஆண்டுக்கணக்கில் கிடந்த சரக்கு ஆகியவற்றைப் புதுச் சரக்குபோலக் காட்ட அதைவிட மலிவான வழி கிடையாது.

நான் படிப்பை முடித்துவிட்டு அப்பாவோடு களத்துக்குப் போகத் தொடங்கிய காலத்தில், எங்கள் சரக்கில் ஒரு பகுதி கோடை மழையில் நனைந்து நிறம் மங்கிவிட்டது. எங்களிடம் வழக்கமாக வாங்கும் வெளிமாநில வணிகர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, விலையைக் குறைக்க வேண்டாம், கொஞ்சம் கலர் மட்டும் ஏற்றிக் கொடுங்கள் என்று மிகுந்த மரியாதையோடு சொல்லி, பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். உள்ளங்கை அளவுதான் இருந்தது, ஆனால் வாங்கிய கை சற்றே இறங்கும் அளவுக்குக் கனத்தது. அதே அளவு மஞ்சள் தூள் அப்படிக் கனக்காது. அப்பா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டிரம் ஓட்டிக்கொண்டிருந்த பையனைக் காட்டி, "இவன் நாள் முழுக்க இதைத்தானுங்க மூச்சுல இழுக்கோணும். வேண்டாமுங்க" என்றார். அந்த வணிகர் அதன் பிறகு எங்களிடம் வாங்கவில்லை. நனைந்த சரக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் குறைந்த விலைக்குப் போனது. அந்தப் பொட்டலத்தை நாங்கள் எந்த ஆய்வகத்துக்கும் அனுப்பவில்லை. ஆகவே அது லெட் குரோமேட்தான் என்று நான் சாதிக்க மாட்டேன்.

அப்பா காட்டிய அந்தப் பையனின் நினைவோடுதான் வங்கதேசத்தைப் பற்றி நான் படித்தேன். அங்கே 1980களில் பெருவெள்ளத்தில் நனைந்து மங்கிய மஞ்சளுக்கு நிறமேற்றத் தொடங்கிய பழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. கர்ப்பிணிகளின் இரத்தத்தில் இருந்த ஈயத்துக்கு மஞ்சளே முக்கிய காரணம் என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஈயம் எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுக்கும் அதன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகளை) ஒப்பிட்டு 2019இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் சந்தைகளில் எச்சரிக்கைத் துண்டறிக்கைகளை வழங்கியது. ஈயத்தைக் கண்டறியும் எக்ஸ்ரே கருவியோடு டாக்காவின் மொத்த விற்பனைச் சந்தைக்குப் போய்ச் சோதித்து, பிடிபட்ட வணிகர்களுக்கு அங்கேயே அபராதம் விதித்தது. 2019இல் சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் தென்பட்ட ஈயம், 2021இல் ஒன்றில்கூடத் தென்படவில்லை. ஆலைத் தொழிலாளர்களின் இரத்தத்தில் ஈய அளவு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. எச்சரிக்கையோடு சோதனையும் மொத்தச் சந்தைக்கு வந்தது பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது.

நம் நிலைமையைப் பாருங்கள். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் மஞ்சள் வாங்கிச் சோதித்த ஆய்வு 2024இல் வெளியானது. பாட்னாவில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டிய ஈயம் கிடைத்தது. வரம்பை மீறிய ஊர்களில் சென்னையும் உண்டு. அந்த வரம்பே தளர்வானது என்பது என் கருத்து. வரம்புக்குள் இருக்கும் தூளில் அரை கிராம் சாப்பிட்டாலே 5 மைக்ரோகிராம் ஈயம் உடலுக்குள் போகலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் குழந்தைகளுக்கு உணவு வழியாக வரும் ஈயத்துக்கு வைத்திருக்கும் அளவுகோலோ நாளொன்றுக்கு 2.2 மைக்ரோகிராம். வங்கதேசத்தில் மஞ்சளுக்கான வரம்பு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம்தான். இதைச் சொன்னால் விவசாயிக்கு எதிராகப் பேசுகிறேன் என்பார்கள். நிறமியை விவசாயி போடுவதில்லை. நல்ல சரக்கை விளைவிக்கும் விவசாயிக்குத்தான் கலப்படக்காரரின் போட்டியால் விலை விழுகிறது. எங்கள் செலவில் ஈயச் சோதனை செய்து அறிக்கையை நீட்டினால் வாங்க வருபவர்கள் அதைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு விரலியை எடுத்து வெயிலில் காட்டி, நிறம் பளிச்சென்று இல்லையே என்கிறார்கள். கடையில் வெளிர் நிறத் தூளைத் தள்ளிவைத்துவிட்டுப் பளிச்சென்ற பொட்டலத்தை எடுக்கும் நாமும்தான் அந்த வணிகரைப் பொட்டலத்தோடு அனுப்பிவைக்கிறோம்.

நான் மருத்துவன் இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, என் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். பாலிஷ் போடாத விரலியை, தோலும் சொரசொரப்புமாக இருப்பதைப் பார்த்து வாங்கி, கழுவிக் காயவைத்து, மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். சமையலுக்கு நிறம் குறைவாகத்தான் இருக்கும், மணம் குறையாது. மஞ்சள் பால் கொடுப்பதாக இருந்தால் அந்தத் தூளை மட்டும் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே வாங்கிய தூளில் சந்தேகம் இருந்தால், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஈயம், குரோமியம் இரண்டுக்கும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள்; இரண்டும் கூடியிருந்தால் நிறமியின் மேல் சந்தேகம் வலுக்கும். பல ஆண்டுகளாக ஒரே தூளைப் பயன்படுத்தியிருந்தால், குழந்தைக்கு இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆய்வறிக்கையில் அளவு கூடியிருந்தால் தூளைக் கொட்டிவிடாதீர்கள். தொகுதி எண் உள்ள உறையையும் கடை ரசீதையும் மீதித் தூளோடு எடுத்துக்கொண்டு, உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, ஒப்புகையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.