தலையணையாகிப் போன லைஃப் ஜாக்கெட்

வாசகர் கடிதம்: எனக்கு ஊர் தங்கச்சிமடம். சென்னையில் பொருள் வடிவமைப்பு படித்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். அப்பா 30 வருடமாக நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். லைஃப் ஜாக்கெட் இருக்கிறது, ஆனால் போடுவதே இல்லை. படகில் தலைக்கு வைத்துப் படுக்கிறார். கேட்டால், "எனக்கு நீச்சல் தெரியாதா? கடலம்மா பார்த்துக்குவா" என்கிறார். அவருக்காக ஒரு செல்போன் செயலி செய்தேன். விடியற்காலை 3 மணிக்கு மணி அடிக்கும். ஜாக்கெட் போட்டுப் படம் எடுத்து அனுப்பினால் புள்ளிகள் ஏறும். ஒரு நாள் தவறினால் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். 4 நாள் செய்தார், அப்புறம் விட்டுவிட்டார். ஒரு பொருளை வைத்து மனிதரின் பழக்கத்தை மாற்ற முடியுமா? அப்படி மாற்றுவது அவரை ஏமாற்றுவது ஆகாதா?

பதில்:

அன்புச் சகோதரி,

முடியும். ஆனால் அந்தச் செயலியை நம்பாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துப் படுக்கிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரியைத்தான். அந்த ஜாக்கெட் அப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு உதவி செய்துகொண்டிருக்கிறது. மெத்தென்று இருக்கிறது, ஈரத்தில் ஊறுவதில்லை, இரவு வலை போட்டுவிட்டுக் காத்திருக்கும்போது கழுத்துக்கு இதமாக இருக்கிறது. அதனால் யாரும் சொல்லாமலேயே தினமும் தேடி எடுக்கிறார். பழக்கம் என்பது அங்கே உருவாகிவிட்டது, நீங்கள் நினைத்த பழக்கமாக அது இல்லை, அவ்வளவுதான். அவரை அலட்சியக்காரர் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகும் அக்காமார்களைப் பார்த்திருப்பீர்கள். கடலில் இறங்கும் முன் பழைய சேலையைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றிக்கொள்வார்கள். இடக்கை முடிந்து வலக்கைக்கு வரும்போது முடிச்சுப் போட இன்னொரு கை இருக்காது. துணியின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்குவார்கள். எந்த அதிகாரியும் வந்து வகுப்பு எடுத்ததால் வந்த பழக்கமா இது? துணி சுற்றாமல் இறங்கினால் அன்றைக்கே பாறை விரலைக் கிழித்துவிடும். மறுநாள் கை தானாகத் துணியைத் தேடும்.

இப்போது லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் வரும் தொல்லை தினமும் வருகிறது. வேர்வை ஊறுகிறது, உப்பு காய்ந்து கழுத்தை அறுக்கிறது, வலை இழுக்கும்போது பக்கிளில் கண்ணி மாட்டிக்கொள்கிறது. பயனோ என்றாவது ஒரு நாள்தான் வரும். அப்பாவின் 30 வருடத்தில் அந்த ஒரு நாள் வரவே இல்லை. வராத நாளுக்காகத் தினமும் அவஸ்தைப்படு என்றால் யார் கேட்பார்? நீச்சல் தெரியும் என்று அவர் சொல்வதும் பொய் இல்லை. இருட்டில் விளிம்பில் தலை மோதி விழுபவருக்கு அந்த நீச்சல் உதவாது என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் கை அந்த ஜாக்கெட்டை எடுத்துவிடாது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த ஜாக்கெட் அப்பாவுக்குத் தினமும் ஏதாவது ஒன்றைத் தர வேண்டும். உயிரைக் காப்பது அதோடு சேர்ந்து வந்துவிடும்.

கட்டாயப்படுத்திப் பார்க்கலாமா என்றும் உங்களுக்குத் தோன்றலாம். ஜாக்கெட்டை மாட்டினால்தான் என்ஜின் ஓடும் என்பதுபோல. அவுட்போர்டு என்ஜினில் சிவப்பாக ஒரு சுருள் கயிறு வரும், தெரியும் அல்லவா? ஓட்டுபவர் அதை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் கடலில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு என்ஜின் நின்றுவிடும். அருமையான யோசனை. ஆனால் நம் கடற்கரையில் நான் பார்த்த பல படகுகளில் அந்தக் கயிறு என்ஜினிலேயே நிரந்தரமாக மாட்டிக் கிடக்கிறது. காரணம் எளிது. ஓட்டுபவரே எழுந்து போய் வலைக்கும் கை கொடுக்க வேண்டிய படகு இது. 10 நிமிடத்துக்கு ஒருமுறை கயிற்றைக் கழற்றி மாட்ட அவருக்கு எங்கே நேரம்? கயிற்றைச் செய்தவர் என்ஜினைப் பார்த்துச் செய்தார், இந்தப் படகில் நடக்கும் வேலையைப் பார்க்கவில்லை.

ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் இருந்தார். 1961-இல் ஒரு தொழிற்சாலையில், சிறிய சுவிட்சுக்குள் 2 ஸ்பிரிங் வைக்கும் வேலையில் அடிக்கடி ஒன்று விட்டுப்போய்க்கொண்டிருந்தது. கவனமாக இரு என்று கண்டித்துப் பார்த்திருக்கிறார்கள், பலிக்கவில்லை. ஷிங்கோ செய்தது இவ்வளவுதான்: வேலையைத் தொடங்கும்போதே 2 ஸ்பிரிங்கை எடுத்து ஒரு சின்னத் தட்டில் வை, பிறகு அதிலிருந்து எடுத்துப் பொருத்து. தட்டில் ஒன்று மிச்சம் இருந்தால், விட்டுப்போனது கண்ணுக்கே தெரிந்துவிடும். இப்படிப்பட்ட ஏற்பாடுகளுக்கு முதலில் 'முட்டாள் தடுப்பு' என்ற பொருளில்தான் பெயர் வைத்திருந்தார்கள். ஒரு பெண் தொழிலாளி, நான் அவ்வளவு முட்டாளா என்று அழுதுவிட்டாராம். அதன் பிறகு 'தவறு தடுப்பு' என்ற பொருளில் போக்கா யோக்கே என்று மாற்றினார்கள். அந்தப் பெயர் மாற்றத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். அப்பாவுக்காக ஒன்றைச் செய்யும்போது நீங்களும் அதை நினைவில் வையுங்கள். விடியற்காலையில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பிச் சான்று காட்டுவது 30 வருடத் தொழில்காரருக்கு எப்படி இருந்திருக்கும்?

செயலியில் இன்னொரு கோளாறும் இருக்கிறது, அந்தப் பூஜ்யம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் அவருடன் இருந்தவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு புதுச் செயல் பழக்கமாகப் படிவதற்குச் சராசரியாக 66 நாள் ஆகிறது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறலாம் என்று அந்த 12 வாரத் தரவை வைத்துக் கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. உங்கள் செயலியோ ஒரு நாளுக்கே எல்லாவற்றையும் அழித்துவிடுகிறது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் தொழில் இல்லை. வாடைக்காற்று வலுத்தால் தொழில் இல்லை. அந்த நாளெல்லாம் அப்பாவுக்குத் தோல்வியா? அதைவிடப் பயமான ஒன்று, கணக்கு போய்விடுமே என்று கடல் சரியில்லாத நாளில் ஒருவர் கிளம்பிவிட்டால் என்ன ஆவது? உங்களுக்கு வேலை தருபவர்கள் நாளை இதையே கேட்பார்கள். இப்போதே யோசித்து வையுங்கள்.

சரி, என்ன செய்யலாம்?

அப்பா கிளம்பும்போது ஒரு வாரம் வெறுமனே பாருங்கள். கேள்வி கேட்காதீர்கள். எதை முதலில் எடுக்கிறார், எதை மறப்பதே இல்லை என்று மட்டும் கவனியுங்கள். எங்கள் மண்டபத்து வீட்டில் சித்தப்பா கிளம்பும் வரிசை எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். கைலியை மடித்துக் கட்டுவார், ஆணியில் கிடக்கும் துண்டை எடுத்துத் தலையில் சுற்றுவார், தூக்குவாளியை வாங்குவார். கடைசியாகச் செல்போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மூன்று நாலு மடிப்பாகச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு இடுப்பில் செருகுவார். கரையில் நிற்கும்போதே இரண்டு முறை தடவிப் பார்த்துக்கொள்வார். தண்ணீர் புகுந்துவிடுமோ என்ற பயம் அவருக்குத் தீர்ந்ததே இல்லை.

அந்தச் செல்போன் பயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜாக்கெட்டின் நெஞ்சுப் பக்கத்தில் தண்ணீர் புகாத ஒரு பை இருக்கட்டும். வாய்ப்பகுதியை மூன்று மடிப்புச் சுருட்டி மூடுவதுபோல அமையுங்கள், அந்த மடிப்பு அவர் கைக்கு ஏற்கெனவே தெரிந்தது. உறைக்கு மேலேயே தொட்டுப் பேச வசதியாகத் தெளிவான பிளாஸ்டிக் வையுங்கள். பீடி, தீப்பெட்டிக்கு இன்னொரு பை. இப்போது ஜாக்கெட் போட்டால் போன் நனையாது, தீப்பெட்டி நமுத்துப்போகாது. தினமும் கிடைக்கும் லாபம் அது. தப்பித்தவறித் தண்ணீரில் விழுந்தால் போனும் அவரோடேயே மிதக்கும். கரைக்குப் பக்கத்தில் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554-ஐ அழைக்கலாம். அந்த எண்ணைப் பையின் மேலேயே பெரிதாக அச்சிட்டுவிடுங்கள்.

அப்புறம், அதை வைக்கும் இடம். படகில் வலைக்கு அடியில் கிடந்தால் தலையணைதான். வீட்டில் துண்டு கிடக்கும் அதே ஆணியில், துண்டுக்கு மேல் தொங்கட்டும். அதைத் தொடாமல் துண்டை எடுக்க முடியக்கூடாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பி.ஜே. ஃபாக் இதைத்தான் சொல்கிறார்: புதுப் பழக்கத்தைத் தனியாக நடாதே, ஏற்கெனவே வேரூன்றிய ஒன்றின் பக்கத்தில் நடு. ஆனால் ஒன்று, ஜாக்கெட்டை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை அம்மாவின் தலையில் கட்டிவிடாதீர்கள். 3 மணிக்கு எழுந்து கஞ்சி ஊற்றிக் கொடுப்பவர் அவர். ஒரு நாள் மறந்து அன்றைக்கு ஏதாவது நடந்துவிட்டால், காலம் முழுக்க அந்தப் பழியைத் தன்மேலேயே போட்டுக்கொள்வார்.

தலையணையையும் பறிக்காதீர்கள். கழுத்துப் பகுதியில் தண்ணீர் உறிஞ்சாத நுரைப்பஞ்சைக் கொஞ்சம் தடிமனாக வைத்தால், போட்டபடியே சாயலாம். பக்கிளை நெஞ்சுக்கு நடுவிலிருந்து ஒதுக்கி, துணி மடிப்புக்குள் மறைத்துவிடுங்கள். காற்று அடைக்கும் வகை மெல்லிசாக இருக்கிறதே என்று அதற்குப் போகாதீர்கள். தூண்டில் முள்ளும் மீன் முள்ளும் குத்துகிற இடம் அது. உள்ளே இருக்கும் சிலிண்டரை மாற்றித்தர தங்கச்சிமடத்தில் யார் இருக்கிறார்கள்?

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஏமாற்றுவது ஆகாதா என்று உங்களுக்கு உறுத்துகிறதே, அந்த உறுத்தலுக்காகவே இந்தப் பதிலை நீளமாக எழுதுகிறேன்.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டேவிட் வாக்னர் என்ற பொறியாளரின் வீட்டில், இன்றைக்கு மாத்திரை போட்டாயா இல்லையா என்று கணவனுக்கும் மனைவிக்கும் ஓயாத குழப்பம். அவர் வட்டமான ஒரு டப்பா செய்தார். கிழமைகள் எழுதியிருக்கும், அன்றைய மாத்திரை போனால் அங்கே காலியிடம் தெரியும். கருத்தடை மாத்திரை இன்றைக்கும் நாள் வரிசையில் அட்டையில் வருவதற்கு அது ஒரு தொடக்கம். மனைவிக்குத் தெரிந்து, மனைவிக்காக, மனைவியின் கண்முன்னே செய்த பொருள். ரகசியம் எதுவும் இல்லை.

இன்னொரு பக்கம், 2006-இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் உருண்டு வரும் இணையப் பக்கத்தை வடிவமைத்தார். அதற்கு முன்னால் பக்கம் முடிந்துவிடும், அடுத்த பக்கம் வேண்டுமா என்று கை ஒரு நொடி நிற்கும். அந்த ஒரு நொடி போய்விட்டது. பிற்பாடு அவரே அதற்காக வருந்திப் பேசினார்.

நானும் சில வருடம் ஒரு நிறுவனத்தில் அப்படிப்பட்ட வேலை பார்த்தேன். செயலியில் சிவப்புப் புள்ளியை எந்த நேரத்தில் காட்டினால் ஆள் திரும்பி வருவார் என்று கணக்குப் போடுவோம். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, இரவு 11 மணிக்கு அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தச் சிவப்புப் புள்ளியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் கூப்பிடுகிறார்கள் என்றே தெரியவில்லையே என்றார். யாரும் கூப்பிடவில்லை, நாங்கள்தான் காட்டுகிறோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த மாதம் வேலையை விட்டேன்.

அதிலிருந்து நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். நான் ஏன் இப்படிச் செய்தேன் என்பதை, பயன்படுத்துபவரின் முகத்தைப் பார்த்து முழுசாகச் சொல்ல முடிகிறதா? சொன்ன பிறகும் அவர் அதை வைத்துக்கொள்வாரா? "போன் நனையக் கூடாது என்று பை வைத்தேன் அப்பா, அந்தச் சாக்கில் நீங்கள் ஜாக்கெட் போடுவீர்கள் என்றுதான்" என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். அவர் சிரிப்பார். மறுநாள் போனை அந்தப் பையில்தான் வைப்பார். சிவப்புப் புள்ளிக்கு அப்படி ஒரு வாக்கியம் எங்களிடம் இருக்கவில்லை.

தைக்கத் தொடங்கும் முன் அவரோடு வலை பின்னும் இடத்தில் போய் உட்காருங்கள். அவர் போனை உறையோடு அளந்துகொள்ளுங்கள், உறை இல்லாமல் அளந்தால் பை பத்தாது. பையை இடப்பக்கம் வைப்பதா வலப்பக்கம் வைப்பதா என்று அவரையே கேளுங்கள். வலை எந்தத் தோளில் உரசும் என்பது அவருக்குத்தான் தெரியும்.