அமெரிக்கா, மெக்சிகோ, கனடா வர்த்தக ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் யார் தீர்ப்பது?

கேள்வி: மூன்று நாடுகளுக்கும் பொதுவான நீதிமன்றம் இல்லையே, பிறகு எப்படி?

நிரந்தர நீதிமன்றம் கிடையாது. ஒவ்வொரு வழக்குக்கும் புதிதாக ஒரு நடுவர் குழு அமைப்பார்கள். 2020 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள ஒப்பந்தத்தின் 31ஆம் அத்தியாயம்தான் இதற்கு விதி.

முதலில் எழுத்து மூலம் பேச்சுவார்த்தை கேட்க வேண்டும். 75 நாளில் (கெட்டுப்போகும் சரக்கென்றால் 30 நாளில்) தீரவில்லையென்றால் நடுவர் குழு அமைக்கச் சொல்லிக் கேட்கலாம். வழக்கமாக ஐந்து பேர். தலைவர் போக, ஒவ்வொரு தரப்பும் எதிர்த்தரப்பு நாட்டவரில் இருவரைத் தேர்ந்தெடுக்கும். தன் ஆளைத் தானே போட்டுக்கொள்ள முடியாது, நல்ல ஏற்பாடு.

இதற்கு முன் இதே மூன்று நாடுகளுக்கிடையே இருந்த நாஃப்டா ஒப்பந்தம் சறுக்கியது இங்கேதான். நடுவர் பட்டியல் முறையாக இல்லாததால், நியமனத்தை இழுத்தடித்தே வழக்கை முடக்கலாம். மெக்சிகோவின் சர்க்கரை வழக்கு 2000இல் அப்படித்தான் குழுவே அமையாமல் நின்றது. இப்போது ஒரு தரப்பு பெயர் தராவிட்டால் பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுத்துவிடுவார்கள்.

கடைசி நடுவர் நியமனமானதிலிருந்து 150 நாளில் முதல் அறிக்கை, அடுத்த 30 நாளில் இறுதி அறிக்கை. மேல்முறையீடு இல்லை.

ஆனால் தீர்ப்பை அமல்படுத்தப் போலீஸ் வராது. இறுதி அறிக்கைக்குப் பின் 45 நாளில் உடன்பாடு எட்டாவிட்டால், வென்ற நாடு தனக்கு நேர்ந்த பாதிப்புக்கு நிகரான அளவுக்கு, தோற்ற நாட்டுக்குத் தரும் வர்த்தகச் சலுகைகளை நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான். மரபணு மாற்றிய மக்காச்சோள வழக்கில் 2024 டிசம்பரில் தோற்ற மெக்சிகோ பணிந்தது. கார் பாகங்களில் வட அமெரிக்க உற்பத்திப் பங்கை எப்படிக் கணக்கிடுவது என்ற வழக்கில் தோற்ற அமெரிக்கா பணியவில்லை.