தீர்மானம் போட்டும் வடிகால் வேலை தொடங்காதது ஏன்?

வணக்கம். உங்கள் தெருவில் வடிகால் கட்ட நகர்மன்றம் தீர்மானம் போட்டு 8 மாதம் ஆகியும் ஒரு செங்கல்கூட இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வாசலில் சாக்கடை நிற்க, குழந்தைகளை வைத்துக்கொண்டு குடியிருப்பது பெரும் பாடு.

தீர்மானம் என்பது சம்மதம் மட்டும்தான். மன்றம் முடிவு செய்யும், வேலையை நடத்துவது ஆணையரும் பொறியாளரும். இடையில் செலவு மதிப்பீடு, நிதி ஒதுக்கீடு, ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்), பணி ஆணை என்று படிகள் உண்டு. பெரும்பாலும் சிக்குவது நிதியில்தான். சிறு நகரங்களில் சொந்த வரி வருவாயில் பெரும்பகுதி சம்பளத்துக்கும் குடிநீருக்கும் குப்பைக்குமே போய்விடும். புதுக் கட்டுமானத்துக்கு அரசு மானியத்தை எதிர்பார்த்திருப்பார்கள்.

அதனால் "எப்போது கட்டுவீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். தீர்மான எண், தேதி குறிப்பிட்டு, மதிப்பீடு தயாரா, எந்த நிதியில் செய்யப்போகிறார்கள், கோப்பு யாரிடம் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். நகலை வார்டு உறுப்பினரிடம் கொடுத்து அடுத்த கூட்டத்தில் எழுப்பச் சொல்லுங்கள். நகராட்சியின் வரவுசெலவுத் திட்டம் தயாராகும் முன்பே மனுவைக் கொடுத்துவிடுங்கள், அது நிறைவேறிவிட்டால் இன்னொரு வருடம் தள்ளிப்போகலாம்.

புது வடிகால் வரும்வரை, இப்போது தேங்கும் சாக்கடையில் அடைப்பு எடுப்பது அன்றாடப் பராமரிப்பு. அதற்காகத் தனித் தீர்மானத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, இன்றே மனு கொடுங்கள்.