ஓரியூர் கோயிலில் ஏன் மண்ணை எடுத்துப் போகிறார்கள்?

தொண்டி பக்கம் போகிறேன், ஓரியூரில் பார்க்க என்ன இருக்கிறது, அங்கே மண்ணை ஏன் பொட்டலம் கட்டுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மண்ணிலிருந்தே தொடங்கலாம். அங்கே அது செக்கச்செவேல் என்றிருக்கும். 1693 பிப்ரவரி 4-ல் அருளானந்தர் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் இங்கே தலை வெட்டப்பட்டபோது சிந்திய இரத்தத்தால் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. நோய் தீரும் என்று வீட்டுக்குக் கொண்டுபோவார்கள், மதம் பார்க்காமல்.

அவர் லிஸ்பனில் 1647-ல் பிறந்த ஜான் டி பிரிட்டோ. இங்கே வந்து காவி கட்டி, மரக்கறி உண்டு, பண்டாரசாமியாக, அதாவது உள்ளூர்த் துறவியைப் போல, வாழ்ந்தார். சாவுக்குக் காரணம் வெறும் மதப்பகை இல்லை, வீட்டுச் சண்டையும்தான். மறவர் சீமையின் இளவரசர் தடியத்தேவர் அருளானந்தரிடம் ஞானஸ்நானம் பெற்றதும் ஒரு மனைவியோடு மட்டும் வாழ முடிவெடுத்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி இராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவள் போய் முறையிட, விஷயம் அரண்மனை விவகாரமாகிவிட்டது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் மனிதத்தனமாகப் படுவது இந்த இடம்தான்.

1947-ல் ரோமில் புனிதர் பட்டம் தந்தார்கள். கோயில் முகப்பு போர்த்துகீசியப் பாணி. அப்புறம், வழியில் திருவாடானை சிவன் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். வெயிலுக்கு முன் கிளம்புங்கள், நிழல் குறைவு.