ஜூனில் ஜோஹானஸ்பர்க் வருகிற தம்பிக்கு

தம்பி, ஜூன் கடைசியில் மனைவி, மூன்று வயதுக் குழந்தையோடு ஜோஹானஸ்பர்க் வருகிறோம், "ஆப்பிரிக்காதானே, ஸ்வெட்டர் எதற்கு" என்று வீட்டில் சொல்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். பள்ளி, வாடகை, மளிகை பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதெல்லாம் வந்த பத்து நாளில் பிடிபட்டுவிடும். ஜூன், ஜூலைதான் இங்கே குளிர்காலம்; அந்தக் குளிரைப் பற்றி மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

2009 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து ஒரு சால்வையோடு வந்து இறங்கியவள் நான். இந்த ஊர் ஏற்காட்டைவிட உயரம், சுமார் 1,750 மீட்டர். பகலில் நல்ல வெயில் அடிக்கும். சூரியன் இறங்கியதும் குளிர் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ராத்திரி பூஜ்யம் வரை போகும், விடிந்தால் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். வெளியைவிட வீட்டுக்குள்தான் கொடுமை. வீடு முழுக்கச் சூடேற்றும் ஏற்பாடு இங்கே பெரும்பாலும் கிடையாது; ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், டைல்ஸ் தரை. டொரண்டோவில் இருக்கும் என் நாத்தனார் ஒரு ஜூலையில் வந்து, "எங்கள் ஊரில் வீட்டுக்குள் இப்படி நடுங்கியதே இல்லை" என்றாள். வீடு பார்க்கும்போது ஜன்னல் வடக்கு பார்த்து இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே குளிர்கால வெயில் வடக்கிலிருந்துதான் விழும்.

இனி சொல்வதை உங்கள் மனைவிக்கும் படித்துக் காட்டுங்கள். அந்த முதல் குளிரில் ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. தெருவில் காவல்காரர்கள் ஓட்டை போட்ட தகர டின்னில் கரி மூட்டிக் குளிர்காய்வார்கள், இம்பாவுலா என்பார்கள். அதைப் பார்த்து நாங்களும் அடுப்பில் கரி மூட்டிப் படுக்கையறையில் வைத்து, ஜன்னலை இறுக்கிச் சாத்தினோம். புகை அடங்கிவிட்டது, இனி பயமில்லை என்று நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் எனக்கு மண்டையைப் பிளக்கும் வலி, அவருக்கு வாந்தி. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மெழுகுவர்த்தி இருக்கிறதா என்று கேட்கக் கதவைத் தட்டிய பக்கத்து வீட்டு ஆயாதான் ஜன்னல்களைத் திறந்து எங்களை வெளியே இழுத்தார். கேஸ் ஹீட்டர் வைத்தாலும் ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்திருக்கட்டும், படுக்கும் முன் அணைத்துவிடுங்கள்.

அந்த ஆயாவின் முன்னோர் டர்பன் பக்கம் இருக்கும் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்த தமிழர்கள். 1860-லிருந்து அப்படி வந்த குடும்பங்கள்தான் இங்கே நம்மவர்களில் பெரும்பாலோர். அவருக்குத் தமிழ் பத்து வார்த்தைக்கு மேல் வராது. தைப்பூசக் காவடியை மட்டும் விட்டதில்லை. "இவர்களுக்குத் தமிழே தெரியாது" என்று ஒதுங்கிப்போகும் நம் புது ஆட்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பழகுங்கள் தம்பி, இந்த ஊரின் குளிரும் வெயிலும் அவர்களுக்குத்தான் தெரியும். கேப்டவுனில் காற்றும் மழையும் என்றால் ஓரிரு நாளில் இங்கே குளிர் வரும் என்று எனக்குச் சொன்னதும் அவர்தான்.

அப்புறம், இங்கத்திய வானிலைச் சேவையின் எச்சரிக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிறம், கூடவே 10 வரை ஒரு எண். எத்தனை டிகிரி என்பதைவிட, அதனால் என்ன பாதிப்பு வரும், வர எவ்வளவு வாய்ப்பு என்று பார்த்துத்தான் நிறம் கொடுக்கிறார்கள். மஞ்சள்தானே என்று விடாதீர்கள். நம் வாட்ஸ்அப் குழுக்களில் எங்கோ எடுத்த பனிப் படத்தை ஆயிரம் முறை அனுப்புவார்கள், உண்மையான அறிவிப்பை ஒருவரும் திறப்பதில்லை. 2024 செப்டம்பரில் பனி வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அப்படியும் டர்பனுக்குப் போகும் என்3 சாலையில், வான் ரீனன் கணவாய்ப் பக்கம், நூற்றுக்கணக்கான வண்டிகள் ராத்திரி முழுக்கப் பனியில் சிக்கின. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு, அரை பாட்டில் தண்ணீரோடு விடியும்வரை காரில் உட்கார்ந்திருந்தது.

நாங்கள் கரி மூட்டிய அந்த ராத்திரிக்கு மறுநாள் ஆயா ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். முக்கால் பங்கு மட்டும் நிரப்பி, காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு மூட வேண்டும் என்று செய்து காட்டி, என் கால்மாட்டில் வைத்தார். நீங்களும் வந்ததும் முதலில் அதை வாங்குங்கள். குழந்தையின் ஸ்வெட்டரைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள், கைப்பையில் இருக்கட்டும்.