எச்டிஎம்எல் பக்கங்களில் செய்த திருத்தங்கள் மறைவது குறித்து

வணக்கம். பயனர் கையேட்டின் எச்டிஎம்எல் பக்கங்களில் நீங்கள் செய்த திருத்தங்கள் அடுத்த வெளியீட்டின்போது மறைந்துவிடுவதாகவும், மூலக் கோப்புகள் கையில் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். திட்ட அடைவில் கான்ஃப்.பை என்ற அமைப்புக் கோப்பு இருப்பதாகச் சொல்வதால், கையேடு ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணமாக்கக் கருவி கொண்டு உருவாக்கப்படுகிறது என்றே கருதுகிறேன்; அதில் திருத்தத்திற்கு உரியது ஆர்எஸ்டி என்ற எளிய உரை வடிவிலான மூலக் கோப்பு மட்டுமே, எச்டிஎம்எல் அதிலிருந்து மீண்டும் மீண்டும் எழுதப்படும் விளைபொருள். பிடிஎஃப் கோப்பும் அப்படித்தான், பெரும்பாலும் லாடெக் என்ற அச்சுக்கோர்ப்பு மென்பொருள் வழியாக வருகிறது.

மூலம் போய்விட்டதே என்று தயவுசெய்து கலங்க வேண்டாம். ஸ்பிங்க்ஸின் இயல்பான அமைப்பு மாற்றப்படாமல் இருந்தால், எச்டிஎம்எல் அடைவுக்குள் அடிக்கோட்டுடன் தொடங்கும் ‘சோர்சஸ்’ என்ற உள்ளடைவில் ஒவ்வொரு பக்கத்தின் மூல நகலும் ‘.ஆர்எஸ்டி.டிஎக்ஸ்டி’ என்ற பின்னொட்டுடன் இருக்கும். கடைசியில் உள்ள ‘.டிஎக்ஸ்டி’ பகுதியை நீக்கி, கோப்புகளைக் கான்ஃப்.பை உள்ள அடைவுக்கு நகர்த்தி, திருத்தங்களை அங்கே செய்யுங்கள். உள்தள்ளலில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. வெற்று வரிக்குப் பின் கூடுதல் இடைவெளியுடன் தொடங்கும் பத்தி மேற்கோளாகவே கொள்ளப்படும். படங்கள் அந்த உள்ளடைவில் இரா. அருகில் அதேபோல் அடிக்கோட்டுடன் தொடங்கும் ‘இமேஜஸ்’ அடைவிலிருந்து எடுத்து, ஆர்எஸ்டி கோப்பில் குறிப்பிட்டுள்ள பாதையிலேயே வையுங்கள்.