கட்டிளமைப் பிள்ளைகளின் படிப்பும் மனமும்: மட்டக்களப்பு, அம்பாறைப் பெற்றாரின் கேள்விகளுக்குப் பதில்

பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு மாவட்டங்களிலிருந்தும் பெற்றாரும் பிள்ளைகளும் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். யாருடைய பெயரையும் போடவில்லை.

களுவாஞ்சிகுடி, ஒரு அம்மா: மகன் தரம் 10. பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டதும் ரியூசன். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், வரலாறு என்று நாலு இடம். இரவு எட்டு மணிக்குத்தான் வீடு வருவான். அப்படியிருந்தும் தவணைப் பரீட்சையில் புள்ளி ஏறவில்லை. இன்னொரு கணித வகுப்பில் சேர்க்கவா மிஸ்?

சேர்க்க வேண்டாம் அம்மா. இருப்பதிலேயே ஒன்றை நிறுத்துங்கள். காலை ஏழரையிலிருந்து இரவு எட்டு மணி வரை பிள்ளை மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். கேட்கும்போது எல்லாம் விளங்கியது போலத்தான் இருக்கும். கொப்பியை மூடிவைத்துவிட்டு வெறும் தாளில் தானாக எழுதிப் பார்த்தால்தான் எது தெரியும், எது தெரியாது என்று பிடிபடும். அதற்கு அவனுக்கு நேரமே இல்லை.

இன்றைக்கு அவனுடைய கணிதக் கொப்பிகளை எடுத்துப் பாருங்கள். உங்களுக்குக் கணிதம் தெரியத் தேவையில்லை. ரியூசன் கொப்பியில் பலகையைப் பார்த்து எழுதிய கணக்குப் பக்கம் பக்கமாக, அழகாக இருக்கும். அவனாகச் செய்து, பிழைத்து, வெட்டி, திரும்பச் செய்த கணக்கு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அது ஒரு பக்கமும் இல்லையென்றால், புள்ளி ஏறாததற்குக் காரணம் அதுதான்.

நித்திரையையும் பாருங்கள். 13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும். இந்த வயதில் உடம்பே நித்திரையைக் கொஞ்சம் பிந்தித்தான் கேட்கும். பதினொன்றுக்குப் படுத்த பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பிப் புத்தகத்துக்கு முன் இருத்தினால், முதல் நாள் படித்ததும் மனதில் நிற்காது. படித்தது பதிவதே நித்திரையில்தான்.

எந்த வகுப்பை நிறுத்துவது என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டாம், அவனிடமே கேளுங்கள். பிள்ளைகளுக்குத் தெரியும், எந்த வகுப்பில் வெறுமனே இருந்துவிட்டு வருகிறோம் என்று.

காரைதீவு, தரம் 11 மாணவி: கணிதத்தில் நான் 20ஐத் தாண்டினதே இல்லை. ஓ/எல் (க.பொ.த. சாதாரண தர) சோதனைக்கு இன்னும் மூன்று மாதம். பாஸ் பண்ண ஏலுமா மிஸ்?

ஏலும் மகள். சாதாரண சித்திக்கு 35 வேண்டும். அது எங்கிருந்து வரும் என்று முதலில் பார்ப்போம்.

முதலாம் வினாத்தாளில் A பகுதியில் 25 சின்னக் கேள்விகள், தலா 2 புள்ளி. B பகுதியில் 5 கேள்விகள், தலா 10. இரண்டாம் வினாத்தாளில் A, B இரண்டிலும் ஆறில் ஐந்து செய்ய வேண்டும், அவையும் தலா 10. மொத்தம் 200, அதில் பாதிதான் உங்கள் புள்ளி. ஆகவே 200க்கு 70 எடுத்தால் போதும்.

சின்னக் கேள்விகளில் 15 சரி வந்தால் 30. முதலாம் வினாத்தாள் B பகுதியில் பின்னம், சதவீதம், ஆரைச்சிறை, வட்ட வரைபு, நிகழ்தகவு போன்றவை வரும். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு படிகளைச் சரியாகச் செய்தாலே ஒரு 20 சேரும். மிச்சம் 20ஐ இரண்டாம் வினாத்தாளில் எடுக்க வேண்டும். வரைபு, மீடிறன் பரம்பலின் இடை, கவராயத்தால் செய்யும் அமைப்பு மூன்றையும் பிடித்துக்கொள்ளுங்கள். இவை கையால் பழகப் பழக வருபவை. நிறுவல்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கடந்தகால முதலாம் வினாத்தாள் ஒன்றை எடுத்து A பகுதியை மட்டும் நேரம் வைத்துச் செய்யுங்கள். பிழைத்ததை அடுத்த நாள் திரும்பச் செய்யுங்கள், ஒரு கிழமை கழித்து இன்னொருமுறை. விடையைப் பார்த்து "விளங்குது" என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். உங்கள் கணித சேரிடம் போய் "எனக்கு 35 எடுக்க வேண்டும் சேர், தினமும் ஒரு கணக்குத் திருத்தித் தாருங்கள்" என்று கேளுங்கள். இப்படிக் கேட்கும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப எந்த ஆசிரியருக்கும் மனம் வராது.

ஓட்டமாவடி, ஒரு உம்மும்மா (பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதித் தந்தது): மகள் கட்டாரில் வேலை. பேத்தி தரம் 9, என்னோடுதான் இருக்கிறாள். கொஞ்சக் காலமாகச் சரியாகச் சாப்பிடுகிறாளில்லை, ஒருவரோடும் பேச்சில்லை, எந்நேரமும் போன். போனைப் பறித்து வைக்கட்டுமா?

உம்மா, பறிக்க வேண்டாம். அந்தப் போனுக்குள்தான் அவளுடைய தாய் இருக்கிறார். இரவு படுக்கும்போது போன் உங்கள் அறையில் இருக்கட்டும், அது போதும்.

மகளிடம் சொல்லுங்கள்: கிழமையில் இரண்டு நாள், ஒரே நேரத்துக்கு, பேத்தியோடு மட்டும் பேச வேண்டும். எடுத்ததும் புள்ளியைக் கேட்கக் கூடாது. என்ன சாப்பிட்டாய், யாரோடு பள்ளிக்குப் போனாய் என்று சின்னக் கதை. தூரத்திலிருக்கும் தாய் சொன்ன நேரத்துக்கு எடுக்கிறார் என்பதே பிள்ளைக்குப் பெரிய பிடிமானம்.

நீங்கள் வகுப்பு டீச்சரைப் போய்ப் பாருங்கள். வீட்டில் தாய் இல்லை என்பது அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். பள்ளியில் அவள் யாரோடு இருக்கிறாள், இடைவேளையில் தனியாக நிற்கிறாளா என்று கேளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. யாராவது படம், செய்தி அனுப்பிப் பயமுறுத்தினாலும் பிள்ளைகள் இப்படி ஒடுங்கிப் போவார்கள். "என்ன நடந்திருந்தாலும் உன்னை ஏச மாட்டேன்" என்று முதலில் சொல்லுங்கள், அதன்படி ஏசாமலும் இருங்கள். அப்படி ஏதும் என்றால் 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். சாப்பாடும் நித்திரையும் இரண்டு கிழமைக்கு மேல் குழம்பியிருந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். "செத்துப் போகலாம் போல இருக்கு" என்ற மாதிரி ஒரு சொல் வந்தால் நாள் பார்க்க வேண்டாம், அன்றைக்கே போங்கள், தனியாகவும் விடாதீர்கள். அப்படி நினைக்கிறாயா என்று நேரே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கமான 1926க்கு எடுத்தால் தமிழிலும் பேசலாம்.

கொக்கட்டிச்சோலை, ஒரு அப்பா: வேளாண்மை வெட்டுக் காலத்தில் மகனை வட்டைக்குக் கூட்டிப்போகிறேன். வேறு ஆளில்லை. தரம் 10. பிழையா?

உங்கள் கஷ்டம் விளங்குகிறது ஐயா. ஆனால் 16 வயது வரை பிள்ளை பள்ளிக்கு வருவது சட்டப்படி கட்டாயம். பெரும்போக வெட்டு வருவதும் முதல் தவணைப் பாடம் நடக்கும் காலத்தில்தான். சனி, ஞாயிறு வரட்டும், வெயிலுக்குள் இறக்காமல். ஒரு நாள் மறிக்கத்தான் வேண்டும் என்றால் வகுப்பாசிரியருக்கு முதல் நாளே சொல்லுங்கள். சொல்லாமல் நின்ற பிள்ளை திரும்பி வரக் கூச்சப்படும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பல ஆண் பிள்ளைகள் இடைவிலகியது இந்தக் கூச்சத்தில்தான் தொடங்கியது. இது என் மனதை மிகவும் வருத்துகிற விடயம்.

சாய்ந்தமருது, ஒரு வாப்பா: மகன் பலகையில் இருப்பதைப் பிழையாக எழுதிவருகிறான், தலையிடி என்கிறான். கவனக்குறைவு என்று ஆசிரியர் சொல்கிறார்.

முதலில் கண்ணைக் காட்டுங்கள். தரம் 7இலும் 10இலும் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கும், அதுவரை காத்திருக்க வேண்டாம்.

ஏறாவூர், ஒரு தாய்: மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அடித்திருக்கிறார்கள். கேட்கப்போனால் பிள்ளையைப் பழிவாங்குவார்களோ என்று பயம்.

கல்வி அமைச்சின் சுற்றறிக்கையின்படி பாடசாலையில் உடல் தண்டனைக்கு இடமில்லை. என்ன நடந்தது, எப்போது என்று திகதியோடு எழுதிக்கொள்ளுங்கள். காயமிருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். அதிபரைத் தனியாகச் சந்தித்து எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். அசைவில்லையென்றால் வலயக் கல்விப் பணிமனை, பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், அல்லது 1929. பயத்தில் பேசாமல் இருந்தால் அடி நிற்பதில்லை, பக்கத்துப் பிள்ளைக்கும் விழும்.

திருக்கோவில், புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியை: பெற்றார் கூட்டத்துக்கு அரைவாசிப் பேர்தான் வருகிறார்கள். வரவேண்டியவர்கள் வருவதேயில்லை.

தங்கச்சி, அவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தால் ஒன்று முறைப்பாடு, இல்லாவிட்டால் காசு. எல்லோர் முன்னும் பிள்ளையின் புள்ளியை வாசித்தால் அடுத்த முறை யார் வருவார்? தவணை தொடங்கி இரண்டு, மூன்று கிழமைக்குள், பிரச்சினை ஒன்றும் இல்லாதபோதே ஒவ்வொரு வீட்டுக்கும் எடுத்து ஒரு நல்ல செய்தி சொல்லுங்கள். "இன்றைக்கு உங்கள் மகன் தானாக எழும்பி விடை சொன்னான்" என்பது போல உண்மையான ஒன்று. பிறகு நீங்கள் கவலையோடு எடுக்கும்போது அவர்கள் காது கொடுப்பார்கள். கடலுக்குப் போகிறவருக்கும் கூலிக்குப் போகிறவருக்கும் காலை பத்து மணிக் கூட்டம் ஒரு நாள் சம்பளம். பின்னேரம் ஐந்து மணிக்கு வைத்துப் பாருங்கள்.

அக்கரைப்பற்று, ஒரு அண்ணன்: தம்பிக்கு ஓ/எல் சரிவரவில்லை. வீட்டில் ஒருவரும் அவனோடு கதைப்பதில்லை. இனி என்ன செய்வது?

முதலில் நீங்கள் அவனோடு கதையுங்கள் தம்பி, இன்றைக்கே. அதற்குப் பிறகு வழிகளைப் பார்க்கலாம். 13 வருட உத்தரவாதக் கல்வியின் தொழிற்பிரிவுக்கு ஓ/எல் சித்தி தடையில்லை. அது தெரிவுசெய்த பாடசாலைகளில் மட்டும் நடப்பதால், கிட்ட எந்தப் பாடசாலையில் என்று வலயக் கல்விப் பணிமனையில் கேளுங்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களிலும் சம்மாந்துறை தொழில்நுட்பக் கல்லூரியிலும் என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழுக்கான பாடநெறிகள் இருக்கின்றன. விட்ட பாடத்தை அடுத்த முறை தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். விண்ணப்பம் கோரும் அறிவித்தல் பரீட்சைத் திணைக்களத்திலிருந்து வரும், முடிவுத் திகதியைத் தவற விட்டுவிடாதீர்கள். போய் விசாரிக்கும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவனே கேட்கட்டும்.